நிறுக்கும் இயந்திரமும் கழிக்கும் கையும்

புதிய தொழில்நுட்பம் என்றதும் எங்கள் மனதில் தோன்றுவது ஒரு பொருள்தான். கைத்தொலைபேசி, கணினி, வங்கி அட்டை, இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஏதோ ஒன்று. அந்தப் பொருள் எங்கள் கைக்கு வந்து சேருமுன் ஒரு குழு எங்கோ ஓர் அறையில் இருந்து அதனை யோசித்திருக்கிறது, செய்து பார்த்திருக்கிறது, சரிவராததை வீசியிருக்கிறது என்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அக்குழுவில் யார் இருந்தார்கள், யார் இருக்கவில்லை என்பதைப் பொறுத்தே அப்பொருள் எமக்கு உதவியாகவோ உபத்திரவமாகவோ அமைகிறது.

பதுளை மாவட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்யும் எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு குழுவோடு எட்டு மாதங்கள் சேர்ந்து இயங்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. கொழும்பிலுள்ள ஒரு கம்பனியின் புத்தாக்கப் பிரிவு அது. தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதற்கு ஒரு மின்தராசைப் பரீட்சித்துப் பார்க்க வந்திருந்தார்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் இலக்கமிட்ட ஓர் அட்டை. அட்டையைத் தராசில் வைத்து, கொழுந்துச் சாக்கை மாட்டினால் நிறை தானாகவே ஒரு தொலைபேசிக்குப் போகும். அங்கிருந்து தோட்டக் கந்தோருக்குப் போகும். குழுவில் நான்கு பொறியியலாளர்கள், வடிவமைப்புப் படித்த ஓர் இளம் பெண், ஒரு முகாமையாளர். தமிழ் தெரிந்த, லயங்களைத் தெரிந்த ஒருவர் தேவை என்று எமது அமைப்பிடம் கேட்டார்கள். அமைப்பு என்னை அனுப்பியது.

பல்கலைக்கழகத்தில் நான் சமூகவியலைப் பாடமாக எடுத்தபோது, "இதப் படிச்சி என்னா வேலைக்குப் போகப் போற?" என்று எங்கள் லயத்தில் கேட்காதவர் இல்லை. கணினிக் கம்பனி ஒன்றில் இதற்கு வேலை இருக்கும் என்று நானும் எண்ணியதில்லை.

அக்குழுவின் ஒவ்வொரு நாளும் ஒரு கூட்டத்தோடு ஆரம்பமாகும். கதிரை கிடையாது. நின்றபடியே பத்து நிமிடம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், உனக்கு என்ன தடை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சொல்வதை நிறக் கடதாசிகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து ஓடும் அக்கூட்டத்தில் தமிழ் என் வாயால் மட்டுமே வந்தது. எங்கள் பிரட்டுக்களமும் நின்றபடி நடப்பதுதான். அங்கேயும் அன்றைய வேலை பிரிக்கப்படுகிறது. ஆனால் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் "உனக்கு என்ன தடை?" என்று பிரட்டில் யாரும் கேட்டதை நான் கண்டதில்லை. இந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே என் மனதில் பதிந்தது.

இன்னொன்றும் பதிந்தது. அந்தக் குழுவில் தோல்வி என்பது வெட்கப்படும் விடயமல்ல. ஒரு முயற்சி பிழைத்தால் "நல்லது, ஒன்று படித்தோம்" என்று அடுத்ததற்குப் போவார்கள். தோல்விக்குப் பயந்து வளர்ந்த என்னைப் போன்ற பெண்களுக்கு அந்தச் சூழல் பெரும் விடுதலை எனலாம். ஆயினும் அதே சுதந்திரம் மலையில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கவில்லை. ஒரு நாள் மழையில் தராசு இயங்காமல் நின்றது. பொறியியலாளர்கள் கம்பியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்கள். முப்பது பெண்கள் கூடையோடும் சாக்கோடும் நாற்பது நிமிடம் நனைந்துகொண்டு நின்றார்கள். பொறியியலாளருக்கு அந்த நாற்பது நிமிடம் ஒரு பாடம், அவருடைய சம்பளம் குறையாது. பெண்களுக்கோ அது பறிக்காமல் போன கொழுந்து.

மலையகத்துக்கு வெளியே உள்ள சகோதரிகளுக்காக இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாளுக்குரிய முழுச் சம்பளத்தை 'பேர்' என்போம். நிர்ணயித்த கிலோ வந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப்பேர். நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் அந்த அளவு 18 கிலோ. ஒருத்தி 20 கிலோ பறித்தாலும் சாக்கு நிறை என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம், முத்தல் இலை என்று கொஞ்சம் கழித்துவிட்டால் 16 கிலோதான் கணக்கில் வரும். பகல் முழுவதும் பாடுபட்டும் அவளுக்கு அரைப்பேர். ஆகவே தராசு என்பது எங்களுக்கு வெறும் கருவியல்ல. அடுப்பு எரிவதும் பிள்ளை பாடசாலைக்குப் போவதும் அதில்தான் தொங்குகிறது.

நான் வாசித்தவற்றுள் எனக்கு மிகவும் துணைநின்ற ஓர் அனுபவத்தை இவ்விடத்தில் சொல்ல விரும்புகிறேன். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொப்ட் கம்பனி இந்தியாவின் பெங்களூரில் ஓர் ஆய்வுகூடத்தைத் திறந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி. அனந்தன். அவரோடு சேர்ந்து அதனை ஆரம்பித்த கென்டாரோ டொயாமா என்ற கணினி விஞ்ஞானி, வறிய மக்களுக்குக் கணினியும் தொலைபேசியும் எவ்வாறு பயன்படும் என்று பரீட்சித்துப் பார்க்க ஒரு தனிக் குழுவை அமைத்தார். அக்குழுவின் சிறப்பு என்னவென்றால், பொறியியலாளர்களோடு வடிவமைப்பாளர்களும் சமூக விஞ்ஞானிகளும் சமமாக இருந்தமைதான். நிம்மி ரங்கசுவாமி என்ற சமூக மானிடவியலாளர் அவர்களுள் ஒருவர்.

அக்குழுவில் இந்திராணி மெதி என்ற வடிவமைப்பாளர், எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் கணினியைப் பாவிக்க முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். பெங்களூரின் சேரிகளில் வாழும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வேலை தேடிக்கொள்வதற்கான ஒரு கணினி முறையை உருவாக்குவது அவருடைய நோக்கம். திரையில் எழுத்தே இருக்காது. படமும் குரலும் மட்டுமே. இதற்காக அவர் நேரே கதவைத் தட்டிப் போகவில்லை. அச்சேரிகளில் நீண்ட காலமாக வேலை செய்துவந்த ஸ்திரீ ஜாக்ருதி சமிதி என்ற பெண்கள் அமைப்பின் ஊடாகப் போனார். பெண்களோடு பல மணித்தியாலங்கள் இருந்து, கேட்டு, வரைந்து, காட்டி, மாற்றி வரைந்தார்.

அங்கே குழு கற்றுக்கொண்டவை எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்கவில்லை. வீடு என்பதற்குச் சரிந்த கூரையுள்ள ஒரு படத்தை வைத்தார்கள். உலகத்தில் எவருக்கும் விளங்கும் படம் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். பெண்களோ அதைக் கிராமத்துக் குடிசை என்று எண்ணினார்கள். அவர்கள் வேலைக்குப் போவது மாடி வீடுகளுக்கு. குடிசைக்கு யார் வேலையாள் வைப்பார்கள்? பாத்திரம் கழுவுவதைக் காட்டும் படத்தில் குழாயிலிருந்து தண்ணீர் ஓடினால்தான் அது வேலை என்று விளங்கியது. எழுத்துத் தெரியாத இப்பெண்களுக்கு இலக்கங்கள் தெரிந்திருந்தன. காசு எண்ணுபவளுக்கு இலக்கம் தெரியாமலா போகும்! ஆகவே இலக்கங்களைத் திரையில் அப்படியே விட்டார்கள்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. எதை அழுத்தினால் எது வரும் என்று விளங்கிய பின்னரும் பெண்கள் தயங்கினார்கள். தொட்டால் பழுதாகிவிடுமோ என்ற பயம் ஒரு புறம். இந்தப் பெட்டிக்குள் வேலை எப்படி வந்தது, யார் போட்டார்கள், எதற்காக என்ற தெளிவின்மை மறுபுறம். பிறகு ஒரு சிறு நாடகத்தைப் படம்பிடித்துத் திரையின் தொடக்கத்தில் வைத்தார்கள். ஒரு வீட்டுக்காரர் வேலையாள் தேடுகிறார், அந்த விபரம் கணினிக்கு எப்படி வருகிறது, ஒரு பெண் அதை எப்படிப் பார்த்து வேலைக்குப் போகிறாள் என்ற முழுக் கதையும் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு தயக்கம் பெருமளவு குறைந்தது. எப்படி என்பதைவிட ஏன், யாருக்காக என்பதே பெண்களின் முதல் கேள்வி என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இதே கேள்வி எங்கள் கொழுந்து மடுவத்திலும் எழுந்தது. மூன்றாம் மாதம், பெண்களின் அபிப்பிராயம் கேட்க ஒரு கூட்டம் வைத்தோம். வடிவமைப்புப் பெண் அட்டையின் நிறம் பிடித்ததா, சத்தம் கேட்டதா என்று கேட்க நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா எழுந்து, "மிஸ், மெசினு சரியாத்தான் நிறுக்குது. நல்ல மெசினு. அப்ப கழிக்கிறது யாரு? மெசினா, கணக்கப்புள்ள ஐயாவா?" என்று கேட்டார். மடுவம் அமைதியாகிவிட்டது. நான் அதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன்.

அக்குழு செய்த இயந்திரம் பத்துக் கிராம் வித்தியாசத்தையும் காட்டக்கூடியது. ஆனால் நிறுத்த பிறகு, தொலைபேசியில் ஒரு கட்டத்தில் கழிவைப் பதியும் வசதி இருந்தது. அதைத் தோட்ட நிர்வாகம் கேட்டிருந்தது, குழு செய்துகொடுத்திருந்தது. முன்னர் கணக்கப்பிள்ளை வாயால் சொல்லிக் கழித்ததை இப்போது விரலால் அழுத்திக் கழித்தார். முன்னராவது "என்னாங்கய்யா, வெயில் நாள்ல ஈரமா?" என்று வாதாடலாம். இப்போது "கொம்பியூட்டர்ல விழுந்திருச்சி" என்று சொன்னால் வாதாட்டம் முடிந்தது. இயந்திரம் அநியாயத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததற்கு ஒரு புதிய சட்டை போட்டுவிட்டது, அவ்வளவுதான்.

கழிவு எமது திட்டத்துக்குள் வராது, நாங்கள் தராசை மட்டுமே செய்கிறோம் என்றார் முகாமையாளர். அவர் கெட்ட மனிதரல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அப்படி வரையறுக்கப்பட்டிருந்தது. ஒரு குழுவுக்குள் இருக்கும்போது இதைத்தான் ஒரு சமூகப் பணியாளர் தினமும் எதிர்கொள்கிறாள். எது பிரச்சினை, எது பிரச்சினையல்ல என்ற கோட்டை யாரோ ஏற்கெனவே கீறியிருப்பார்கள். நானும் வடிவமைப்புப் பெண்ணும் அடுத்த காலைக் கூட்டத்தில் "எனக்கு என்ன தடை" என்ற இடத்தில் இதையே சொன்னோம். அதற்கடுத்த நாளும் சொன்னோம். சுவரில் ஒரே விடயத்தோடு ஒன்பது கடதாசிகள் சேர்ந்த பிறகுதான் அது கலந்துரையாடலுக்கு வந்தது.

முடிவில் மூன்று விடயங்கள் நடந்தன. தராசு பரீட்சிக்கப்படும் நாளில், அது பழுதானாலும் ஆகாவிட்டாலும் அங்கு நிறுக்கும் பெண்களுக்கு முழுப் பேர் போட வேண்டும் என்று கேட்டோம். தோட்ட நிர்வாகம் இரண்டு வாரங்களின் பின் சம்மதித்தது. இலக்கம் தெரியும் முகப்பு கணக்கப்பிள்ளையின் பக்கம் இருந்ததை, பெண்களின் பக்கமும் தெரியும்படி மாற்றினார்கள். கழிவையும் துண்டில் தனியாக அச்சிட வேண்டும் என்ற கோரிக்கையை நிர்வாகம் ஏற்கவில்லை. அது தோல்விதான்.

ஆனால் பெண்கள் அத்தோடு நிற்கவில்லை. முகப்பு தம் பக்கம் திரும்பிய நாளிலிருந்து, நிறுவை முடிந்ததும் அந்த இலக்கத்தைப் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதத் தொடங்கினார்கள். காலை, பகல், மாலை என்று மூன்று இலக்கங்கள். எழுதத் தெரியாதவர்கள் மனதில் வைத்து மாலையில் மகளிடம் சொல்லி எழுதுவித்தார்கள். மாத முடிவில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டு, மாதர் சங்கத்தின் ஊடாகக் கந்தோருக்குப் போனார்கள். எட்டு மாதம் முடிந்ததும் கம்பனி தராசைக் கழற்றிக்கொண்டு வேறு பரிசோதனைக்குப் போய்விட்டது. பழைய தராசு மீண்டும் வந்தது. கொப்பிகள் போகவில்லை. வெயில் நாளில் ஈரத்துக்கென்று கழிப்பது அந்தப் பிரிவில் நின்றுவிட்டது. மழை நாளைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

டொயாமா பெங்களூரில் ஐந்து ஆண்டுகளுக்குள் பல பரிசோதனைகளை நடத்தினார். அவற்றுள் ஒன்று பாடசாலைகளைப் பற்றியது. ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள் நிற்பார்கள். மவுஸ் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும். பெரும்பாலும் வசதியான வீட்டு ஆண் பிள்ளையின் கையில். ஆகவே ஒரே கணினிக்குப் பல மவுஸ்களைப் பூட்டி, ஒவ்வொரு பிள்ளைக்கும் திரையில் ஒரு தனி நிற அம்புக்குறியைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் நல்ல ஆசிரியரும் அக்கறையுள்ள நிர்வாகமும் இல்லாத பாடசாலையில் எத்தனை மவுஸ் பூட்டினாலும் கல்வி உயரவில்லை என்பதை அவர் பின்னர் எழுதினார். 2015இல் வெளிவந்த 'கீக் ஹெரசி' என்ற நூலில் அவர் சொல்லும் முடிவு இதுதான்: தொழில்நுட்பம் மனிதரிடம் ஏற்கெனவே உள்ள நோக்கத்தையும் ஆற்றலையும் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. எங்கள் பேச்சில் சொன்னால் அது கோயில் திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கி போன்றது. நல்ல பாட்டைப் போட்டால் நல்ல பாட்டு ஊரெல்லாம் கேட்கும். சண்டையைப் போட்டால் சண்டை கேட்கும்.

அதே குழுவிலிருந்து நல்ல பாட்டும் வந்தது. 2006இல் ரிக்கின் காந்தி என்பவர் விவசாயிகளுக்கான வீடியோ முயற்சி ஒன்றைக் கர்நாடகத்தில் ஆரம்பித்தார். நிபுணர்களை அல்ல, அந்தந்த ஊர் விவசாயிகளையே படம்பிடித்து, அயலவர்களைக் கூட்டிக் காட்டினார்கள். காட்டும்போது ஊரைச் சேர்ந்த ஒருவர் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டு, விளக்கம் சொல்வார். 16 கிராமங்களில் 13 மாதம் பரீட்சித்தபோது, செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் வழமையான விவசாய விரிவாக்க முறையைவிடப் பத்து மடங்கு பயன் கிடைத்ததாக ஆய்வு கூறியது. வீடியோ மட்டும் இதைச் செய்யவில்லை. நிறுத்திக் கேள்வி கேட்ட அந்த மனிதரும் சேர்ந்தே செய்தார். பின்னர் அது டிஜிட்டல் கிரீன் என்ற தனி அமைப்பாக வளர்ந்தது.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு கொடிய உதாரணம் உண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது. அந்த அறிவை ஒரு வீடாகவும் காணியாகவும் மாற்றி, சனங்களை உரிய காலத்தில் அப்புறப்படுத்தும் ஏற்பாடு இருக்கவில்லை. எத்தனை நவீன கருவி வந்தாலும் இந்த இடைவெளியைக் கருவி நிரப்பாது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் வன்னியிலோ கிழக்கிலோ இருக்கக்கூடும். 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, அங்கும் யுத்தத்தைக் கண்டவர்களும் உங்களுள் இருப்பீர்கள். யுத்தம் முடிந்த பின் உங்கள் வாசலுக்கு எத்தனை படிவங்கள் வந்தன! இப்போது படிவத்துக்குப் பதிலாகக் கணினிப் பலகையும் தொலைபேசியும் வருகின்றன. கைரேகை கேட்பார்கள், புகைப்படம் எடுப்பார்கள், கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளும் வரும். இவற்றைக் கண்டு ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வருபவர்களிலும் நல்ல மனம் கொண்ட இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் கேட்டால்தான் அவர்களுக்கும் விளங்கும்.

ஆகவே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இது பிழைத்துப் போனால் நட்டம் யாருக்கு? எங்கள் நேரத்துக்கும் கூலிக்கும் யார் பொறுப்பு? இரண்டாவது, எங்களைப் பற்றி எடுக்கும் விபரத்தை எங்களுக்கும் காட்டுவீர்களா? முகப்பு எங்கள் பக்கமும் திரும்புமா? மூன்றாவது, இயந்திரம் சொன்ன பிறகு அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நான்காவது, உங்கள் திட்டம் முடிந்து நீங்கள் போன பிறகு எங்களிடம் என்ன மிஞ்சும்? தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் மாதர் சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள். விளங்கும் மொழியில் பதில் வரும்வரை கையொப்பம் வைக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மாருக்கு இன்னுமொரு வார்த்தை. கணிதத்தில் கெட்டிக்காரியான மகளைப் பொறியியலுக்கு அனுப்புங்கள். சித்திரம் வரைபவளை வடிவமைப்புப் படிக்க விடுங்கள். மனிதரைப் பற்றிப் படிக்க விரும்புபவளைச் சமூகவியலுக்கு அனுப்பத் தயங்காதீர்கள். அந்த அறையில் இவர்கள் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பதுளையிலேயே தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் எங்கள் பிள்ளைகளுக்கும் உரியது. கழிப்பது யார் என்று மடுவத்தில் எழுந்து கேட்ட அந்த அம்மாவின் பேத்தி இவ்வருடம் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறாள். பாட்டியின் கொப்பியில் இப்போது மூன்று இலக்கங்களையும் கூட்டி, கழித்து எழுதுபவள் அவள்தான்.